எட்டு டிஸ்க், எட்டுப் பொட்டு

திண்டுக்கல்லில் கல்யாண ஆல்பம் அச்சிடும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. சாணார்பட்டி, சின்னாளபட்டி, கொடைரோடு என்று சுற்றுவட்டாரப் போட்டோகிராபர்கள் முகூர்த்தம் முடிந்த கையோடு படங்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அத்தனையும் போய்ச் சேருவது, கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறையில் எட்டு டிஸ்க்குகள் வரிசையாகச் செருகிய ஸ்டோரேஜ் பெட்டிக்குள். அதற்குள் படங்கள் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு.

ஓலையைச் செல் அரிப்பது போல, யாரும் தொடாமலே டிஸ்க்கில் ஒரு புள்ளி மாறிப்போகும். திறந்து பார்க்கிறவரை தெரியாது. திறந்தால் மாப்பிள்ளையின் பாதி முகம் சாம்பல் பட்டையாக இருக்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே வரும்போதே கைரேகை மாதிரி ஓர் அடையாள எண் எடுத்துவைத்துவிடுவோம். அவ்வப்போது பெட்டி எல்லாப் படங்களையும் முதலிலிருந்து படித்து, ரேகை ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். பிசகியதை மற்ற டிஸ்க்குகளைக் கொண்டு திருத்திக்கொள்ளும். ஒரு டிஸ்க் செத்தால் மீதி ஏழும் ஈடுகட்டும். இரண்டு செத்தால் கதை முடிந்தது.

சரிபார்ப்பு ஓடும்போது மற்ற வேலையெல்லாம் நத்தையாகிவிடும். எல்லோரும் என்னைத்தான் திட்டுவார்கள். ஆகவே ஆயுத பூஜை நாளைப் பிடித்துக்கொண்டேன். எல்லாக் கருவிக்கும் ஓய்வு, என் பெட்டிக்கு மட்டும் வேலை.

முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"ஏனுங்க தம்பி, பூஜையன்னிக்குக் கருவியத் தொடலாமுங்களா?"

"நான் தொடமாட்டேனுங்க. தானா ஆரம்பிச்சுத் தானா முடிக்கும்."

தானாக என்றதும் சமாதானமாகிவிட்டார்.

பூஜை காலையில் நடந்தது. கணினிகளை அணைத்து, விசைப்பலகைகளுக்கெல்லாம் பூச்சரம் போட்டிருந்தோம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கேமராக்கள், கத்தரிகள், பொரி, கடலை, வாழைப்பழம். சூடம் காட்டி மணி அடித்தோம். மணி நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. கீ, கீ, கீ என்று குளிர் அறையிலிருந்து வந்தது.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பச்சையாக எரிய வேண்டிய எட்டு விளக்குகளும் இருந்த இடத்தில் எட்டுச் சிவப்பு.

என் தோளுக்குப் பின்னால் நின்று அதே காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள் எங்கள் ஆல்பம் டிசைனர். அவள் கல்யாணம் ஆவணி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நடந்தது. ஊரார் ஆல்பத்தை மத்தியானத்துக்குள் முடித்துத் தள்ளுகிறவள், தன் ஆல்பத்தை மட்டும் புரட்டாசி முழுக்க மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். படம் எடுத்தவர் கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். முடிந்த ஆல்பங்களுக்கு மட்டும்தான் வெளியே இன்னொரு நகல் எடுப்பது எங்கள் வழக்கம். அவளுடையது முடியவில்லை. அவள் கல்யாணம் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, எட்டும் போச்சா? அப்ப எனக்குக் கல்யாணமே ஆகலையா?"

கதவைத் திறந்து உள்ளே ஓடினேன். அருகில் போனால் சந்தன வாசனை. ஒவ்வொரு டிஸ்க்கின் நெற்றியிலும், சரியாக அந்தச் சின்ன விளக்கின் மேல், சந்தனம் அப்பி அதன் நடுவில் குங்குமம்.

"யாரு வச்சது?" என்று கத்தினேன்.

"நான்தான் தம்பி," என்றார் பிரிண்டிங் மிஷின் ஓட்டும் அண்ணன். சின்னாளபட்டி நெசவுக் குடும்பம். அவர் வீட்டில் ஆயுத பூஜையன்று பொட்டு வாங்காத தறி கிடையாது. "நெத்தில குழி மாதிரி இம்புட்டு அம்சமா இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து, அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். ஆனால் கீ, கீ நிற்கவில்லை. கைப்பேசியில் பார்த்தேன். சரிபார்ப்பின் பாதியில் ஒரு டிஸ்க் நிஜமாகவே செத்திருந்தது. மற்ற ஏழு டிஸ்க்குகளையும் வருத்த வேண்டாமென்று கைப்பேசியிலேயே சரிபார்ப்பை நிறுத்தினேன். இனி புது டிஸ்க் போட வேண்டும். எட்டில் எது செத்தது என்று கைப்பேசி சொல்லவில்லை; அதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு ஏதோ ஒரு பொட்டுக்கு அடியில் இருந்தது. தவறிப்போய் நல்லதை உருவினால் இரண்டாகிவிடும்.

"மாற்று டிஸ்க் எங்கண்ணே?"

அண்ணன் மெதுவாகப் பூஜைப் பக்கம் கையைக் காட்டினார். பொரிக் குவியலுக்கு அடியில், அதற்கும் ஒரு பொட்டு.

முதலாளி குறுக்கே வந்து நின்றார். "வச்சதை நாளைக்கு மறுபூஜை பண்ணித்தானுங்க எடுக்கோணும். பொட்டையும் இன்னைக்கு அழிக்கப்படாது."

"நாளைக்குள்ள இன்னொண்ணு போயிட்டா?" என்றாள் அவள். "என் வீட்டுக்காரருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

"அம்மிணி, சரஸ்வதிக்கு யாரு பதில் சொல்றது?"

வேறு கணினிக்கு நகலெடுக்கலாம் என்றால், அத்தனையும் பூச்சரத்தோடு உறங்கின. முதலாளியும் பொல்லாதவர் இல்லை. அவருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே நின்றாலும் என் கண் அங்குள்ள காலண்டரைத் தேடும். அன்றும் கண் சுவருக்குப் போயிற்று. நாள்காட்டித் தாளின் அடியில், பொடி எழுத்தில், நவமி மத்தியானத்தோடு முடிந்து தசமி தொடங்குவதாகப் போட்டிருந்தது.

"அண்ணே! விஜயதசமி நாளைக்கு இல்ல. சாப்பாட்டுக்கு அப்புறம்!"

முதலாளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். "திதி வந்துட்டாச் சரிதானுங்க," என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

அதுவரை சுண்டல் தின்றுகொண்டு, கீ, கீ-க்கு அண்ணன் தாளம் போட, காத்திருந்தோம். அவள் மட்டும் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திதி மாறியதும் இன்னொரு தேங்காய், இன்னொரு சூடம். எங்கள் லேபில் இரண்டு பூஜையும் ஒரே நாளில் முடிந்தது அன்றைக்குத்தான். அண்ணனே ஈரத் துணியால் பொட்டுகளைத் துடைத்தார். பச்சை, பச்சை, பச்சை என்று அவள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆறாவதில் ஆரஞ்சு. அதை உருவி, பொரி ஒட்டிய புது டிஸ்க்கைத் துடைத்துச் செருகினேன். சத்தம் நின்றது. வெளியே தெருவில் யாரோ பூசணிக்காய் உடைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஏழு டிஸ்க்குகளும் சேர்ந்து புது டிஸ்க்கை நிரப்பிக்கொண்டிருந்தபோதே அவள் தன் கணினியின் பூச்சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக முடிவாகாத அட்டைப்படம் ஒரே சொடுக்கில் முடிவானது. தாலி கட்டும் படமில்லை. பந்தியில் வாய் நிறைய ஜாங்கிரியோடு அவள் சிரிப்பது. பொழுது சாய்வதற்குள் ஆல்பம் முடிந்தது, நகலும் வெளியே போனது.

மறுநாள் சரிபார்ப்பை மீண்டும் ஓடவிட்டேன். ஒரு ரேகையும் பிசகவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு குளிர் அறை வாசலில் நின்றார்.

"எட்டும் இப்ப வெறும் நெத்தியா இருக்கே தம்பி."

"வைங்கண்ணே," என்றேன். "விளக்குக்குக் கீழ."