தாப்பா தோட்டத்தில் சாகாத எலிகள்

ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தாப்பாவுக்குப் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலையில் நான் அதிகம் ஓடியது 1986, 87 வாக்கில், எலிகளுக்காக. கோழித் தீவனம் விற்றுக்கொண்டிருந்த எனக்கு, ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தீவனமும் மரத்தூளும் போடும் வேலை கிடைத்திருந்தது. லாபம் சுமார்தான். ஆனால் கோழி விலை விழுந்தாலும் எலி சாப்பிடுவதை நிறுத்தாது.

ஆய்வை நடத்தியவர் டாக்டர் எஸ்தர். ஆட்டு மூளையை அரிக்கும் ஒரு நோய். அதற்குக் காரணம் வழக்கமான கிருமி இல்லை, பிரையான் என்னும் கெட்டுப்போன புரதம் என்று அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அது வேறு இனத்துக்குத் தாவுமா என்று பார்க்க, ஹாம்ஸ்டர் எலிகளுக்கு ஊசி போட்டிருந்தார். இனம் மாறும் முதல் தடவை நோய் வெளியே தெரிய வெகுகாலம் ஆகுமாம்; அந்த எலியிலிருந்து அடுத்த எலிக்குப் போட்டால் சீக்கிரம் வருமாம். புது ஊரில் கடை போடுவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன்.

சிக்கல் என்னவென்றால், ஹாம்ஸ்டரின் ஆயுசே இரண்டு வருடம்தான். தள்ளாடிச் சாவது நோயாலா, வயதாலா? அதைச் சொல்ல, நோயில்லாத முப்பது எலிகளை அதே வயதில் தனியாக வளர்த்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வே வீண். தாப்பாவைத் தாண்டி, துண்டு போட்டு விற்கப்பட்ட ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு வீட்டை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டவர் முனியாண்டி அண்ணே. அதே தோட்டத்தில் மறுநடவு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். மாதாமாதம் தீவனம் இறக்கும்போது எண்ணிவந்து டாக்டரிடம் சொல்வேன்: முப்பது.

ஒன்றரை வருடம் ஆகியும் முப்பது. "தாப்பா தண்ணில என்ன இருக்கு? நானும் அங்கயே குடி வாரேன்" என்றார் டாக்டர். ஆனால் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு டாக்டரும் நானும் வேனில் கிளம்பினோம். கோப்பேங்கில் பசியாற ரொட்டி சானாய், தே தாரிக் டீ. இருவருக்கும் இரண்டு வெள்ளிக்குள், அதாவது இரண்டு ரிங்கிட்டுக்குள், முடிந்தது. கம்பார் தாண்டித் தாப்பா, ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து தெலுக் இந்தான் பக்கம் திரும்பி, செம்மண் பாதை. ஒன்பது மணிக்குள் லயத்தில் இருந்தோம்.

கூண்டுகள் பளிச்சென்று இருந்தன. டாக்டர் ஒவ்வொரு எலியாகக் கையில் எடுத்துக் காதைப் பார்த்தார். ஆரம்பத்தில் அவரே எல்லாக் காதிலும் சின்ன வெட்டு வைத்திருந்தார். பதினொன்றுக்குத்தான் வெட்டு இருந்தது.

"அண்ணே, மத்ததெல்லாம் எங்க?"

"செத்துப்போச்சு டாக்டரம்மா. ரப்பர் மரத்தடியில பொதச்சிட்டேன். ஒரு ஜோடிய ஒரே கூண்டுல விட்டு, அது போட்ட குட்டிய அந்த எடத்துல வெச்சேன்."

"ஏன்?"

"கன்னு பட்டுப்போனா வேற கன்னு வெக்கணும்லா. நெரையில காலி இருந்தா தொரை ஏசுவாரு. தவுக்கேயும் வந்து முப்பதான்னுதான் கேட்டாரு, எது செத்துச்சுன்னு கேக்கல."

தவுக்கே, முதலாளி, என்றது என்னைத்தான்.

டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குச் சாவும் வேணும்ணே. எப்ப செத்துச்சு, மூளை எப்படி இருக்குன்னு பாக்கணும். இந்தப் பதினொன்னுதான் இனி எனக்கு மிச்சம்" என்றார். மூடி போட்ட கண்ணாடிக் குப்பிகளில் மருந்து ஊற்றி வைத்துவிட்டு, செத்ததை எப்படிப் போடுவது என்று காட்டினார்.

அடுத்த மாதம் நான் தனியாகப் போனேன். ஒரு கூண்டு காலி. அண்ணே குப்பியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார், கூலியில் பிடித்தம் விழப்போகிறவர்போல. "செவ்வாக்கிழம காலையில போச்சு. காலியா விட்டிருக்கேன். பாக்கவே சங்கடமா இருக்கு லா."

பதினொன்றும் ஒவ்வொன்றாகக் குப்பியில் ஈப்போ போய்ச் சேர்ந்தன. ஊசி போட்ட எலிகளின் மூளை பஞ்சுபோல் ஓட்டை; தாப்பா எலிகளின் மூளை கிழடு, ஆனால் முழுசு. நோய் தாவியிருந்தது. முப்பது இருந்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர்.

இப்போது நெடுஞ்சாலையில் போனால் நேரம் மிச்சம், ஆனால் கோப்பேங்கும் கம்பாரும் கண்ணில் படாது. பழைய சாலையே போங்கள். ஏழு மணிக்குமுன் கிளம்பினால் லாரி குறைவு. அந்தத் தோட்டம் முழுக்க இன்று எண்ணெய்ப்பனை, லயம் இல்லை. ஆய்வு முடிந்து கடைசியாக நான் அங்கே போனபோது, பின்னால் வைத்த குட்டிகளும் ஆயுசு முடிந்து போய், முப்பது கூண்டும் காலி. முனியாண்டி அண்ணே எல்லாவற்றையும் கழுவி, வரிசை கலையாமல் வெயிலில் காயவைத்திருந்தார்.