வீம்புக்கு ஓடிய சீட்டாட்ட மெஷின்

இசக்கியம்மாள் போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மும்பையில், முலுண்டில் மகன் வீட்டில் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் செம்பூர் கட்டடத்தின் குழுவில் செக்ரட்டரி போட்டிருந்தார்: இரண்டாம் மாடி இசக்கியம்மாள், நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது, பாவம், தனியாக இருந்தவர். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அழுகை வரும் முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவமா? யார் பாவம்? அந்தச் சொல்லை அவள் காதுபடச் சொல்லியிருந்தால் செக்ரட்டரி மாடிப்படியில் இறங்கியிருக்க மாட்டார், உருண்டிருப்பார்.

நம்மூர்க்காரர்களான நீங்கள் எல்லோரும் அவளை அறிந்தவர்கள். தனிமையில் வாடிச் செத்தாள், கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்துச் சூதாட்ட மெஷினோடு குடும்பம் நடத்தினாள் என்று ஒரு கதை இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையைப் பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவள் அந்த வீட்டை வைத்தே பந்தயம் கட்டியவள். அந்தப் பந்தயத்தின்போது பக்கத்தில் இருந்தவள் நான்.

நானும் அவளும் டிவி பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தோம். நான் சால்டரிங் வரிசை, அவள் ரிப்பேர் மேசை. போக வர ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி. ஏறி உட்கார்ந்ததும் நாலு பேர் மடியில் துண்டை விரித்துச் சீட்டுப் போடுவாள். ஒருநாள் நம்மூர் அம்மாள் ஒருவர், "பொம்பளைங்க ரயில்ல சீட்டாடுறதா, கலிகாலம்!" என்று முனகினார். இசக்கி சீட்டைக் கலைத்தபடியே, "பக்கத்து டப்பாவுல ஆம்பளைங்க பஜனை பாடுதாவ, அங்க போயி ஏறிக்கிடுங்கக்கா" என்றாள். டப்பாவே சிரித்தது. சற்று நேரத்தில் அந்த அம்மாளே எட்டிப் பார்த்து, "ஜோக்கரைக் கீழ போட்டுடாத" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மெஷின் வந்த கதைக்கு வருகிறேன். பழைய இரும்புக்காக உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்த சாமான் அது. பயணிகள் காசு போட்டுத் தனியாக ஆடும் போக்கர் மெஷின், பிக்சர் ட்யூப் காலத்தது, பீரோ கனம். திரையில் ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைப் பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். தாராவியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய், "வேண்டாம்க்கா, உள்ள எல்லாம் செத்துப்போச்சு" என்று நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. "செத்துப்போச்சா இல்லியான்னு நான் பாத்துச் சொல்லுதேன். நீங்க வண்டியில ஏத்துங்க" என்றாள். அவளிடம் முடியாது என்று சொல்லி யாரும் எதையும் தடுத்ததில்லை.

கட்டடம் ரெண்டுபட்டது. செக்ரட்டரி வாசலில் வந்து நின்று, "ஜுகார் நஹி சலேகா மாஜி, போலீஸ் ஆயேகா" என்றார். சூதாட்டம் கூடாதாம், போலீஸ் வருமாம். கோபர்கைரனேயில் இருக்கும் அவள் தம்பி கணேசனுக்கும் செய்தி போயிற்று. கணேசன் கெட்டவன் இல்லை. அக்கா மேல் உயிரையே வைத்திருந்தவன். அத்தான் போன பிறகு அக்கா ஒற்றையில் இருப்பது அவனுக்கு நெஞ்சில் முள். அந்த மெஷினைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது.

"ஒனக்கு மூளை பெசகிட்டுக்கா. வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரு" என்றான்.

இசக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே கணேசா, தீவாளி கழிஞ்ச ஞாயித்துக்கிழமை வா. செக்ரட்டரியையும் கூட்டிட்டு வா. இது ஓடலன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு ஒன் பின்னாலயே வாரேன். ஓடிச்சுன்னா, நான் சாவுத வரைக்கும் நீ இந்தப் பேச்சை எடுக்கப்படாது."

"ஏட்டி, வீட்டையா பந்தயம் வைக்க?" என்றேன்.

"பின்ன என்னத்த வைக்கச் சொல்லுத? பொரிகடலையவா?"

கணேசன் அங்கேயே ப்ளக்கைச் சுவரில் செருகப் போனான். இசக்கி அவன் புறங்கையில் ஒன்று வைத்தாள். கப்பல் மெஷின் நம் வீட்டுக் கரண்டில் பாதியைத்தான் தாங்கும். கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மறுநாளே வாங்கி வந்தாள். பிறகு இட்லிக்கு மாவரைத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நாங்கள் இருவரும் அந்தப் பீரோவுக்குள்தான் தலையை விட்டிருந்தோம். உள்ளே பலகையில் இருந்த பாட்டரி கசிந்து, செப்புக் கோடுகள் மேல் பாசி போலப் பச்சை படர்ந்திருந்தது. வினிகர் தொட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தோம். அறுந்துபோன கோடுகளின் மேல் நான் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். திரைப் பக்கம் உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை அவள் மாற்றினாள். நான் சலித்து உட்காரும்போதெல்லாம், "கரண்டு எதுவரைக்கும் வருதுன்னு பாரு, எங்க நிக்கின்னு பாரு. அழுகதெல்லாம் பெறவு" என்பாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திரை வெளுத்து, கோணலாகி, நிமிர்ந்து, ஐந்து சீட்டைக் காட்டியது. பொத்தானும் வேலை செய்தது. நாங்கள் அடித்த கூத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்துவிட்டார்கள். மறுநாள் பூஜையை அவள் விமரிசையாகச் செய்தாள். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். மெஷினுக்கு வெளியே வைத்தது போதாதென்று கதவைத் திறந்து உள்ளேயும் வைத்தாள்.

பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால், கதவு திறந்திருக்கிறது என்று திரையில் இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. கதவோ இறுக்கிப் பூட்டியிருக்கிறது. ஒரு பொத்தானும் அசையவில்லை. பூட்டைக் கழற்றினோம், வயரை மாற்றினோம், நான் பற்றவைத்ததையெல்லாம் மறுபடி பற்றவைத்தேன். திரையில் அதே எழுத்து. தீபாவளியும் வந்து போனது. "ஒன் பேருக்காரி அம்மன்கிட்ட வேண்டிக்கோயேன்" என்றேன். "வேண்டிக்கிட்டேன். அதுக்காக வயரைப் பாக்காம இருக்க முடியுமா?" என்று மறுபடியும் உள்ளே தலையை விட்டாள். எனக்குப் பயம். அவள் அந்த வீட்டை விட்டுப் போனால் எனக்கு அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கணேசன் டெம்போவோடு வந்தான். செக்ரட்டரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இசக்கி ஒரு சேலையைக்கூட மடித்து வைத்திருக்கவில்லை. சுவிட்சைப் போட்டாள். கதவு திறந்திருக்கிறதாம். செக்ரட்டரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணேசன் சிரிக்கவில்லை. "விட்டுருக்கா, போதும்" என்றான். அவன் குரலே உடைந்திருந்தது.

"என்னத்த விட? சும்மா நிக்காம போன் லைட்டை அடிச்சுக் கதவைப் பிடிலே."

அவன் குனிந்து லைட்டை அடித்தான். நிலைச் சட்டத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தான். "ஏக்கா, இத்துனூண்டு கண்ணாடிக்குக்கூடவா பொட்டு வைப்ப?" என்றான்.

இசக்கி கல்லாய் நின்றுவிட்டாள். அந்த இடத்தில் எதிரெதிராக இரண்டு சின்னக் கண்ணாடிக் கண்கள் உண்டு. கதவு சாத்தியதும் ஒன்று விடும் ஒளியை மற்றது பார்க்கும். பார்த்தால்தான் கதவு பூட்டியிருப்பதாக மெஷின் நம்பும். இரண்டும் பார்ப்பதற்குக் கண் போலவே இருந்ததால், சாமிக்கு வைப்பதுபோல ரெண்டு கண்ணிலும் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்திருக்கிறாள் இந்தப் பக்தை! காய்ந்து கட்டியாகியிருந்தது. சட்டத்தின் நிழலில் எங்கள் நாலு கண்ணுக்கும் அது படவேயில்லை.

"ஏலே கணேசா! நுணலும் தன் வாயால் கெடும்லே!" என்று வீடு அதிரச் சிரித்தாள். முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். கதவைச் சாத்தினாள். ஐந்து சீட்டு வந்தது. இரண்டை வைத்துக்கொண்டு மூன்றை மாற்றினாள். ஒரு ஜோடிகூடச் சேரவில்லை. "ஒண்ணும் கெடைக்கல! ஒண்ணுமே கெடைக்கல! பாத்துக்கிடுங்க, ஒழுங்கா ஓடுது!" என்று கைதட்டினாள். பிறகு முன்பே கழற்றி வைத்திருந்த காசு போடும் பெட்டியை எடுத்துச் செக்ரட்டரியின் மடியில் வைத்து, "இதான் சாப் உங்க ஜுகார், கொண்டு போங்க" என்றாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். கணேசன் டெம்போக்காரனை அனுப்பிவிட்டு, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத முகத்தோடு அக்கா கையால் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்தப் பெருமையை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

அவள் தோற்கிற நாட்களில் மெஷினைத் திட்டுவது என் வீடு வரை கேட்கும். "சவமே, ஒனக்கு உயிர் குடுத்தவட்டயே ஒன் வேலையைக் காட்டுதியா?" என்பாள். கட்டடத்துப் பெண்கள் சாயங்காலமானால் அங்கேதான். செக்ரட்டரியின் மனைவியும் வருவார். அதைச் செக்ரட்டரியிடம் யாரும் சொல்ல வேண்டாம். இந்த வாழ்க்கைக்குத்தான் அவர் தனிமை என்று பெயர் வைத்திருக்கிறார்.

காரியம் முடிந்த அன்று, வீட்டை ஒழிக்க வேண்டும், மெஷினை என்ன செய்யட்டும் என்று கணேசன் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன். அவளுக்கு வந்த பேச்சு இப்போது என் வீட்டு வாசலுக்கு வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. செய்தி வந்த காலையிலேயே என் மகன், "பாத்தியாம்மா, தனியா இருந்தா இப்படித்தான். செம்பூர் வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துரு" என்று ஆரம்பித்துவிட்டான். அவனும் பாசத்தில்தான் சொல்கிறான். பாசத்தோடு வரும் ஆளிடம் மாட்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம். அப்படிச் சொல்லிவிட்டு, அந்த ஆளுக்கே சோறும் போட முடியும் என்பதை நான் இசக்கியிடம் பார்த்தேன். அந்த வீம்பை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

செம்பூர் திரும்பிவிட்ட எனக்கு நேற்று மகன் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை டெம்போ அனுப்புறேம்மா. சாமானைக் கட்டி வை."

"டெம்போ வேண்டாம்ல. தூக்குறதுக்கு நாலு ஆள் மட்டும் அனுப்பு. இசக்கி மெஷினை நம்ம செம்பூர் வீட்டுக்கு ஏத்தணும்" என்றேன்.