காக்காய் செய்யாத குற்றம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு; நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் நன்றாக இருக்கின்றன. இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் போனதில்லை, ஆனாலும் இதை என் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

அப்போது எங்கள் வீடு விழிதியூரில். எனக்கு ஏழு, அக்காவுக்குப் பதினொன்று. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் தலைவலி என்று அழுதாள். மூன்றாம் நாள் அழவும் இல்லை. அம்மா கூப்பிட்டால் கண்ணைத் திறப்பதுகூட நின்றுபோனது. “அறுப்பு முடியட்டும், காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்” என்றார் அப்பா. அம்மா வேப்பிலையை விரித்து அதன்மேல் படுக்கவைத்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவது என் வேலை. கூரையில் ஒரு காக்காய் விடாமல் கத்தியது. அக்காவின் தூக்கத்தைக் கெடுக்கிறதே என்று உடைந்த ஓட்டுத்துண்டை எடுத்து எறிந்தேன். என் குறி எப்போதும் தப்பும். அன்றைக்குப் பார்த்துத் தப்பவில்லை. ஒரு இறகு விழுந்தது. காக்காய் ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்துபோனது.

ஆறாம் நாள் அக்கா எழுந்து கஞ்சி கேட்டாள். அறுப்பும் முடிந்தது. காய்ச்சலை எல்லோரும் மறந்தார்கள்.

மாசி மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். முதலில் சீப்பு விழுந்தது. பிறகு அவள் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. அம்மா இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தாள். ஓடிவந்த பக்கத்து வீட்டு அத்தை பார்த்ததும் சொன்னாள்: “அய்யய்யோ, இது காக்கா வலிப்புல்ல!”

எந்தக் காக்காய் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்?

அன்றிலிருந்து என் சோற்றில் பாதியைக் கொல்லையில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தேன். அம்மா தினமும் வைக்கும் பிடி சோறு முன்னோருக்கு; இது என் அபராதம். காக்காய்கள் கொழுத்தன, நான் இளைத்தேன், அக்காவுக்கு வலிப்பு மட்டும் நிற்கவில்லை. நடுவழியில் விழுந்தால் யார் தூக்குவது என்று அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். அக்கா பையை ஆணியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது தடவை இழுத்த பிறகுதான் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னை விட்டுப்போக ஆளில்லை, நானும் போனேன். அக்கா அம்மா மடியில் அசந்து தூங்கினாள். டாக்டர் அப்பாவைக் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?”

“இல்லீங்க.”

“நல்லா நெனச்சுப் பாருங்க. நெனவு தப்பிக் கெடந்தாளா?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார் அப்பா, தரையைப் பார்த்து. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்பா மறைக்கிறார் என்று நினைத்தேன். தாங்கவில்லை.

“நாந்தாங்க அடிச்சேன்!”

“யார அடிச்சேம்மா?”

“காக்காய. அக்கா கண்ணு தொறக்காம கெடந்தப்ப கத்துச்சு, ஓட்டுத்துண்டால அடிச்சுட்டேன். அதான் அக்காவப் புடிச்சுக்கிச்சு.”

நர்சம்மா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கண்ணு தொறக்காம எத்தன நாள் கெடந்தா?”

“மூணு நாள்.”

“ஒடம்பு சுட்டுச்சா?”

“ஒலப்பானை மாதிரி.”

அவர் அப்பாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “மூளைக்காய்ச்சல் வந்து போயிருக்குங்க. மூளை வீங்கி, வீக்கம் வத்தினாலும் உள்ள தழும்பு நின்னுடும். இப்ப இழுக்குறது அதுலேருந்துதான். மாத்திரைய ஒரு நாளும் விட்டுடாதீங்க. இழுக்கும்போது சாவி வேணாம், ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புங்க.” பிறகு என்னிடம், “காக்கா ஒண்ணும் பண்ணல. அது கால் கை வலிப்பு. சொல்லிச் சொல்லிக் காக்கா ஆக்கிட்டாங்க” என்றார்.

“அப்பவே கொண்டாந்திருந்தா...” என்று அப்பா ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் மாத்திரைச் சீட்டை அப்பா கையில் கொடுத்தார். “அதச் சொல்ல முடியாதுங்க.”

மாத்திரையைத் தினமும் அப்பாவே எடுத்துக் கொடுத்தார். வலிப்பு குறைந்தது. அக்கா பையை ஆணியிலிருந்து எடுத்தாள். எனக்கு இந்த எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அவளுக்குத் தலை வாரும்போதெல்லாம் நான் தழும்பைத் தேடுவேன். என் முழங்காலில் இருப்பதுபோல் ஒன்று அகப்படும் என்று பார்த்தேன், அகப்படவே இல்லை.

டாக்டர் சொன்னபிறகு நான் சோறு வைப்பதை விட்டுவிட்டேன். ஒரு நாள் மத்தியானம் கொல்லைப்பக்கம் போனபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். தன் தட்டுச் சோற்றில் பாதியைக் காக்காய்களுக்கு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். என் குற்றத்துக்குத்தான் அப்பா வைக்கிறார் என்று அப்போது நினைத்து, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாடி பேத்தி, நெரவியிலிருக்கும் உன் பெரிய பாட்டிக்கு, அதான் என் அக்காவுக்கு, ஃபோனைப் போட்டுவிட்டு இதைச் சத்தமாகப் படி. அப்பா சோறு வைத்த இடம் வரும்போது மட்டும் மெதுவாகப் படி. அதை நான் அவளிடம் இதுவரை சொன்னதில்லை.