நூற்றொன்று புள்ளி எட்டு

என் மகளுக்கு ஜலதோஷம் பிடித்தது ஒரு வியாழக்கிழமை காலை. அவளுடைய பள்ளிக்கூட டூர் சனிக்கிழமை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். தை மாதக் குளிரில், மூக்கு நுனி விறைத்துக் கிடக்கிற ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளுவதற்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியவில்லை. அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் ஒரு மாதமாக அந்த ஒரு நாளை வைத்துத்தான் சாப்பிட்டாள், தூங்கினாள். எந்தச் சறுக்கில் முதலில் ஏறுவது, பஸ்ஸில் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதெல்லாம் அவளும் தோழிகள் நான்கு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்.

எட்டாம் வகுப்பில் ஒரு டூர் போக வேண்டியிருந்தது. பையெல்லாம் எடுத்து வைத்த பிறகு அம்மை போட்டுவிட்டது. அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை, டியூஷன் என்று ஆகிவிடும், டூர் கிடையாது. இதுதான் கடைசி. இதை அவள் என்னிடம் எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கே இல்லை.

மாரமங்கலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கிற மரங்களில் எல்லாம் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். அந்த வாரம் முதல் பறிப்பு முடிந்து, மிளகு வாசலில் தார்ப்பாய் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைதான் வியாபாரி வருவதாகவும் சொல்லியிருந்தார். எல்லாம் ஒரே நாளில் வந்து விழுந்தால் மனிதன் என்ன செய்வான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. இருமல் வேறு. பைக்கில் வைத்து ஏற்காட்டுக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "சாதாரணக் காய்ச்சல்தான். ராத்திரிக்கு ஒரு மாத்திரை போடட்டும். காலையில காய்ச்சல் இல்லைன்னா போகலாம். நூறுக்கு மேல இருந்தா அனுப்பாதீங்க. எதுக்கும் பாத்துக்குங்க" என்றார். இந்த 'எதுக்கும் பாத்துக்குங்க' இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்த்துக்கொள்ளத் தெரியாமல்தானே உங்களிடம் வருகிறோம்.

வகுப்பு ஆசிரியைக்கு போன் போட்டேன். "நீங்களே முடிவு பண்ணிக்குங்க சார். காய்ச்சலோட வந்தா மட்டும் எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியாது" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் முடிவு பண்ணுகிற வேலை சுற்றிச் சுற்றி என் தலையில்தான் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி அடுப்படியில் இருந்தபடி, "ஏனுங்க, போகட்டுமுங்க. நொம்ப நாளா ஆசைப்பட்டுட்டா" என்றாள். சரி என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டு காலைக் கழுவுவதற்குள், "தண்ணியில ஆடி நெஞ்சுல சளி கட்டிக்கிச்சுன்னா யாரு பாக்கறது?" என்று அவளே கேட்டாள்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"எனக்கென்னங்க தெரியும். நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா."

செம்மநத்தத்தில் இருக்கிற என் அக்கா போனிலேயே அழுகிற குரலில், பிள்ளையை அனுப்பாதே என்றாள். அனுப்பவில்லை என்றால் பிள்ளை ஏங்கிப் போய்விடும் என்றும் அவளே சொன்னாள். கடைசியில் நான் கத்திவிட்டேன். இனிமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது, காலையில் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு என்றேன். நூறு அல்லது அதற்குக் கீழே என்றால் போகலாம், ஆனால் தலையை நனைக்கக் கூடாது. நூறைத் தாண்டினால் வீட்டில் படுக்க வேண்டும்.

"தலைய நனைக்காம அங்க போயி என்னப்பா பண்றது?" என்று மகள் கேட்டாள். நான் முறைத்த முறைப்பில், "சரிப்பா, நனைக்க மாட்டேன்" என்று மென்று விழுங்கினாள். நூறு என்ற எண்ணை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. மிளகு விற்கிற எனக்கு மீட்டர்மேல் ஒரு பக்தி உண்டு. முன்பெல்லாம் வியாபாரிகள் ஒரு கை மிளகை அள்ளி, கடித்துப் பார்த்து, "ஈரம் இருக்குதுங்களே" என்பார்கள். இல்லை என்று நான் சொல்ல, இருக்கிறது என்று அவர் சொல்ல, அரை நாள் வாய்ச்சண்டையிலேயே போகும். ஈரம் அளக்கிற மீட்டர் வந்த பிறகு அந்தச் சண்டை தீர்ந்தது. எண்ணைப் பார், பேச்சை முடி. வீட்டு விஷயத்துக்கும் அப்படி ஒன்று கிடைத்ததே என்று அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிவதற்கு முன்பே நான் எழுந்தபோது அவள் தயாராக நின்றாள். புது டி-ஷர்ட், மேலே ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், முதுகில் பை. இருமல் குறைந்திருந்தது. முகத்தில் சோர்வே இல்லை. பஸ் ஐந்தரைக்கு ஏற்காட்டில் இருந்து கிளம்பும், பனியில் பைக்கை மெதுவாகத்தான் ஓட்ட முடியும், நாலரைக்காவது நாங்கள் புறப்பட வேண்டும். அப்போது மணி நாலு இருபது.

எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் இன்னொருவர் மிளகை நுணுக்கத் தொடங்கிவிடுவார். என் மனைவி மிளகும் சுக்கும் கருப்பட்டியும் போட்டு ஒரு பெரிய டம்ளர் கசாயம் வைத்துக் கொடுத்திருந்தாள். மகள் ஊதி ஊதிக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய், "ஆ காட்டு கண்ணு" என்றேன்.

"அப்பா, இப்பத்தான் கசாயம் குடிச்சேன். வாயெல்லாம் சுடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு வைங்கப்பா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேரத்தை மாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "சாக்குச் சொல்லாத. நேத்து நூறுன்னு ஒத்துக்கிட்டயில்ல? நேரமாச்சு, வாயத் தொற" என்றேன். அவள் திறந்தாள். நாக்குக்கு அடியில் வைத்தேன். தெர்மாமீட்டர் 'பீப்' அடித்ததும் எடுத்துப் பார்த்தேன். நூற்றொன்று புள்ளி எட்டு.

"ஏனுங்க, நெத்தி சுடலைங்களே" என்று என் மனைவி கையை வைத்துப் பார்த்தாள்.

"கையில தொட்டுப் பாக்கறதுக்கா மீட்டர் வாங்கி வெச்சிருக்குது?"

மறுபடியும் வைத்தேன். நூற்றொன்று புள்ளி ஒன்று. "கொறையுதுப்பா, பாருங்க, கொறையுது" என்று மகள் கிட்டத்தட்டக் கத்தினாள். "நூறுக்கு மேலதான இருக்குது?" என்றேன். உடனே ஆசிரியைக்கு போன் செய்து, வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் மனசு மாறிவிடும் என்ற பயம். அவர், "அப்படிங்களா சார், உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மகள் பையைக் கழற்றிக் கூடத்திலேயே போட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். சுவரில் இருந்த காலண்டர் ஆடியது. என் மனைவி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பேசியதைவிட அதிகமாகக் கேட்கும். நான் வாசலுக்குப் போய், பனி விழக் கூடாது என்று மூடியிருந்த மிளகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தனியாகவே வாதாடினேன். நான் என்ன எனக்காகவா செய்தேன்? அங்கே போய்ச் சுருண்டு விழுந்தால் யாரைக் கேட்பார்கள்? அப்பன் எங்கே போனான் என்றுதானே கேட்பார்கள்? பதில் சொல்ல அங்கே யாரும் இல்லாததால் எல்லா வாதத்திலும் நானே ஜெயித்தேன்.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். இரண்டையும் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவுகளில் இறங்கும்போது எடுத்த வீடியோக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருத்தி ஜன்னலோரம் வாந்தி எடுப்பதைக்கூட எடுத்து அனுப்பியிருந்தார்கள், அதற்கும் கூட்டமாகச் சிரிப்பு. மகள் சத்தத்தைக் குறைத்தாள், ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. நோயாளி மாதிரி அவள் எங்கேயும் சாயவில்லை, படுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. அதையும் கோபமாகவே மாற்றிக்கொண்டு, "வெயில்ல உக்காராத, உள்ள போ" என்று விரட்டினேன். அவள் நகரவில்லை.

உச்சிவெயிலில் வியாபாரி வந்தார். சேலத்தில் இருந்து வந்து ஏற்காட்டில் கடை வைத்திருக்கிற பாய். பல வருஷப் பழக்கம். ஜீப்பை நிறுத்திவிட்டு, "நல்லா காஞ்சிருக்குதுங்க, நெறம் நல்லாருக்குது" என்று தார்ப்பாயில் இருந்து ஒரு கை மிளகை அள்ளினார். பையில் இருந்த மீட்டரை எடுத்து அதன் கிண்ணத்தில் கொட்டப் போனார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாய், பாய், இருங்க. இப்பவே வெக்காதீங்க. வெயில்ல கெடந்த சூடு அப்படியே இருக்குது. சூட்டோட வெச்சா மீட்டர் கூடத்தான் காட்டும். நெழல்ல போட்டு ஆற உடுங்க."

இது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும், மிளகு விற்கிற எல்லோருக்கும் தெரியும். தார்ப்பாயில் இருந்து அள்ளிய சூட்டோடு அளந்தால் இல்லாத ஈரத்தை இருக்கிறதென்று காட்டிவிடும். ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லித்தான் நான் அவரை உட்கார வைப்பேன். "ஆமாங்க, அதுஞ்சரிதான்" என்று அவரும் சிரித்தார். "எவ்வளவு நேரம் போடலாமுங்க?"

"அரை மணி நேரமாச்சும் ஆறட்டுங்க. நமக்கென்ன அவசரம்?"

சொல்லிவிட்டு மிளகை முறத்தில் வாங்கி நிழலில் வைக்கத் திரும்பினேன். வாசற்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த போனைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். என்னையே பார்த்தாள். நான் சொன்னது என் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. முறத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"மொளகு ஆறட்டும்னு அரை மணி நேரம் நிக்கறீங்க" என்றாள். "நான் அஞ்சு நிமிஷந்தானப்பா கேட்டேன்."

கத்தவில்லை, அழவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்தத் தரம் கதவைச் சாத்தக்கூட இல்லை. பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "பாப்பாவுக்கு என்னங்க?" என்று கேட்டார். நான், காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு மிளகைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

அவர் போன பிறகு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் வாயைத் திறந்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. அவளிடம் காட்டினேன். "தப்பு என்னுதுதான் சாமி. நீ சொன்னதக் கேட்டிருக்கணும்" என்றேன். அவள், "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் நாமே போகலாம் என்று நான் ஆரம்பித்தேன். தோழிகள் நாலு பேரும் அவர்கள் போட்ட திட்டமும் இல்லாமல், அப்பனோடும் அம்மாவோடும் போய் எந்தச் சறுக்கில் ஏறுவாள்? பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஏதாவது ஒரு சாக்கில் அவள் பக்கத்தில் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி அதை அக்கறை என்று நினைத்து முகம் கொடுத்துப் பேசத் தொடங்கினாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: எப்படியாவது மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட வேண்டும் என்றுதான் தொட்டேன். லேசாகவாவது சுட்டால் போதும், நான் செய்தது சரியென்று ஆகிவிடும். ராத்திரி படுக்கப் போகும் முன் கடைசியாக ஒரு தரம் கையை வைத்தேன். சுடவில்லை.