தண்ணீர்ப் பக்கம்

அந்தமானில், பெரார்கஞ்சில் என் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் உப்பங்கழி. போன மழைக்காலத்தில் அதில் முதலையைப் பார்த்தவர்கள் உண்டு. ‘முதலை ஜாக்கிரதை’ என்று போர்டும் வைத்துவிட்டார்கள். எனக்கோ வேறு பாதை கிடையாது. கரையோரமாகவே நடந்தாக வேண்டும். துணைக்கு ஒரு தெருநாய் வரும். அதற்குத் தினமும் பிஸ்கட் போடுவேன்.

ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் என்னோடு வேலை பார்க்கும் தமிழ் டீச்சருக்கும் எனக்கும் வாக்குவாதம்.

“மனுஷனுக்குப் பயன்படத்தான் மத்த உயிரெல்லாம்” என்றார் அவர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “எந்த உயிரும் இன்னொண்ணுக்காகப் பிறக்கலை டீச்சர். அதது வாழ்றதுதான் அதுக்கு அர்த்தம்” என்று மேசையைத் தட்டினேன்.

சாயங்காலம் இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். நாயும் வந்தது. கழி கலங்கி, அசைவில்லாமல் கிடந்தது. மிதந்த கட்டை ஒவ்வொன்றும் எனக்கு முதலையாகத் தெரிந்தது. பிஸ்கட்டை உடைத்துப் போட்டுக்கொண்டே வேகமாக நடந்தேன்.

“அரே, எல்லாத்தையும் ஏன் தண்ணி பக்கமாவே போடுறீங்க டீச்சர்?” என்று கேட்டார் தமிழ் டீச்சர்.

எனக்கும் தண்ணீருக்கும் நடுவே நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. அதை அங்கே நடக்கவிட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை பிஸ்கட்டோடு அந்த போர்டுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன். நாய் என் முகத்தையே பார்த்தது. பள்ளிக்கூட மணி அடித்தது.

தண்ணீர்ப் பக்கமே போட்டேன்.