தன் பெயரைக் கூப்பிடாத ரெமி அக்கா

திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அது ரெமி அக்கா வேலையிடத்திலிருந்து அழைப்பு எடுக்கிற நேரம். வழக்கம்போல் நான் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். "மூச்சுக் கேக்குது. பேரைச் சொல்லு" என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். கேட்டது ஓர் ஆண்குரல். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். ரெமி அக்கா தான் வேலை செய்த ஹோட்டலின் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் இருந்தபடியே சரிந்துவிட்டார் என்றும், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றும் சொன்னார்கள்.

துபாய் டெய்ராவில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஒரே வீட்டில் ஓர் அறையில் நாங்கள், மற்ற அறையில் அவரும் இன்னும் இரண்டு பிலிப்பைன்ஸ் பெண்களும். சமைக்கிற குசினி பொது. மூன்று வருடம் அப்படி இருந்தோம். நம் கையெழுத்து இதழுக்கு அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அப்பாவுக்குக் கடை லிஸ்டும் ரெமி அக்காவுக்குப் பெயர் லிஸ்டும்தான். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என் காதில் அது நம் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

அவரும் அம்மாவும் சிநேகிதமானது கருவாட்டால். ஒரு நாள் மேல்மாடிக்காரர் இறங்கி வந்து, இந்த மணம் யாருடைய சட்டியிலிருந்து வருகிறது என்று கோபமாகக் கேட்டார். அம்மா ரெமி அக்காவைப் பார்த்தார், ரெமி அக்கா அம்மாவைப் பார்த்தார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "மாஃபி" என்றார்கள், அரபியில் இல்லை என்று. இரண்டு அடுப்பிலும் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. அவர் போனபிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் இரண்டும் கருகிவிட்டன.

பிலிப்பைன்ஸில் ஒரு சிறிய ஊரில் இருக்கிற ஆசிரியர் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் இங்கே கடைகளில் நின்றார்கள், அலுவலகங்களில் டைப் அடித்தார்கள், பலர் வீட்டுவேலை செய்தார்கள். சில வெள்ளிக்கிழமைகளில் பூங்காவில் கூடுவார்கள்; ரெமி அக்கா என்னையும் கூட்டிப்போவார். சோறும் நூடுல்ஸும் பெரிய தட்டுகளில் வரும். கசெட் போட்டு ஆடுவார்கள். அதற்கு முன்னால் பெயர் கூப்பிட வேண்டும். ஒரே வருடத்தில் படிப்பை முடித்தவர்களை அவர்கள் ஒரு பேட்ச் என்பார்கள். ரெமி அக்கா பேட்ச் பேட்ச்சாகப் பெயர்களைக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து நின்று "இருக்கிறேன்" என்று சொல்லவேண்டும். இறந்தவர்களின் பெயரையும் விடமாட்டார்கள். அந்தப் பெயருக்கு அவருடைய பேட்ச்சில் இருப்பவர்கள் எழுந்து பதில் சொல்லுவார்கள்.

நெனிதா அன்ரியின் முறை வரும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய பேட்ச்சில் துபாயில் இருந்தது அவர் ஒருவர் மட்டும்தான். "உங்கடை பேட்ச்சுக்குத் தலைவியும் நீங்கள், சண்டை பிடிக்கிறதும் நீங்கள்" என்று கேலி செய்வார்கள். அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ரெமி அக்கா அடுத்த பேட்ச்சுக்கு உடனே போகமாட்டார். ஒரு மூச்சு நின்றுதான் போவார். சிரிப்பு அடங்கட்டும் என்று நிற்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

வேலை செய்கிற வீட்டுக்காரர் லீவு கொடுக்காத பெண்களை அவர் மறக்கவில்லை. பூங்காவிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் அழைப்பு எடுத்து, பெயரைக் கூப்பிடுவார். மறுமுனையில் யாருக்கும் கேட்காமல் "இருக்கிறேன்" என்று ஒரு குரல் வரும். உடனே வைத்துவிடுவார். "அவ்வளவுதானா?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். "அவ்வளவு போதும். தன்னை ஒராள் பேர் சொல்லிக் கூப்பிட்டதெண்டு அவளுக்குத் தெரியும்தானே" என்றார் ரெமி அக்கா.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பெயர்ப் பட்டியலை மண்ணிறத் தாளில் பெரிய எழுத்தில் நான்தான் எழுதிக் கொடுப்பேன். மூன்றாவது முறை எழுதும்போதுதான் கவனித்தேன். "உங்கடை பேர் எங்கை அக்கா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுறவள் தன்னைக் கூப்பிடுறேல்லை."

"மற்றப் பேரெல்லாம் இருக்குதே."

அவர் மெல்லிய மாவுத் தாளில் நறுக்கிய முட்டைக்கோவா வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். அப்பாவின் படகு புயலில் போனதால் இரண்டாம் வருடத்திலேயே படிப்பை விட்டவர் அவர். அதே கல்லூரியின் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். பல வருடம் அங்கே இருந்ததால் எல்லாப் பேட்ச்சின் பெயரும் மனப்பாடம். துபாய்க்கு வந்தபிறகு, தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கூட்டியது அவர்தான். அவரும் படித்து முடித்தவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. ஆனால் என்ரை பேரை நானே கூப்பிட்டால் அது பொய். அதாலை கூப்பிடுறேல்லை" என்றார். முடித்திருந்தால் நெனிதாவோடு முடித்திருப்பாராம். நெனிதாவுக்கு அது ஞாபகமில்லையாம். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார். நான் தலையாட்டினேன். பேசாமல் இருப்பதற்கு என்னை யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதே இல்லை.

அவர் இறந்தபிறகு சங்கத் தலைவர் தனிலோ, மலர்வளையத்தின் நாடாவில் எழுதுவதற்கு அவருடைய பேட்ச் எது என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கல்லூரிக்கு டெலெக்ஸ் அனுப்பினார்கள். அப்படி ஒருவர் இங்கே படிப்பை முடிக்கவில்லை என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை உடலை விமானத்தில் ஏற்ற இருந்தார்கள். அன்று காலை சங்கத்தார் எங்கள் வீட்டு ஹாலில் கூடினார்கள். நாற்பது பேருக்கு மேல். பாதிப்பேர் வாசலுக்கு வெளியே படிகளில் நின்றார்கள். அவர் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியும், ஒரு தட்டில் சோறும் மீனும் வைத்திருந்தார்கள். ஜெபம் முடிந்தது. பெயர் கூப்பிட வேண்டும். அவருடைய பெயரைக் கூப்பிடுவதா இல்லையா என்று பேச்சு எழுந்தது. சிலர் கூப்பிடலாம் என்றார்கள். கூப்பிட்டால் எந்தப் பேட்ச் எழுந்து பதில் சொல்லுவது என்று சிலர் கேட்டார்கள். எல்லோரையும்விட மனம் நொந்திருந்தவர் நெனிதா அன்ரிதான். எட்டு வருடமாகத் தங்களை ஏமாற்றிவிட்டாள் என்று அழுதார். "நான் அவளிட்டை ஒண்டும் மறைக்கேல்லை. அவள் மட்டும் ஏன் மறைச்சவள்?" என்றார்.

நான் குசினி வாசலில் நின்றேன். கையில் அந்த மண்ணிறத் தாள்கள் மூன்றும் இருந்தன. சொல்லமாட்டேன் என்று நான் தலையாட்டியது ஞாபகம் வந்தது. ஆனால் மறைக்கச் சொன்னது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றுதான், அவர் ஏன் தன் பெயரைக் கூப்பிடவில்லை என்பது. அது தெரியாவிட்டால் அன்று மாலை அவர் பொய்க்காரியாக விமானம் ஏறுவார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"நான் சாந்தினி" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். எனக்குப் பேச்சு வராது என்று நம்பியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். தாள்களைத் தரையில் விரித்தேன். பள்ளிக்கூட ஆங்கிலத்தில், தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன். மூன்று பட்டியலையும் எழுதியவள் நான். இதில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. என்னை எழுதவிடவில்லை. அவர் தன்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. முடித்திருந்தால் நெனிதா அன்ரியோடு முடித்திருப்பேன் என்று சொன்னார். அந்தப் பெயரைக் கூப்பிட்டபின் ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு நிற்பார். நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறீர்கள்.

நெனிதா அன்ரி முழங்காலிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாம் வருடத்தில் பின் வரிசை வாங்கில் ஒரு மெலிந்த பெண் இருந்தாள், காலணி இல்லாமல் வருவாள், அவள் பெயரை யாரும் கேட்டதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

தனிலோ பெயர் கூப்பிடத் தொடங்கினார். படிகளில் நின்றவர்களும் அங்கிருந்தே பதில் சொன்னார்கள். நெனிதாவின் பெயர் வந்தது. "இருக்கிறேன்" என்றார். தனிலோ ஒரு மூச்சு நின்றார். பிறகு, "ரெமெடியோஸ்" என்று ரெமி அக்காவின் முழுப்பெயரைக் கூப்பிட்டார்.

நெனிதா அன்ரி இன்னும் உட்காரவில்லை. "இருக்கிறேன்" என்று இரண்டாம் முறையும் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "எங்கடை பேட்ச்சிலை ரெண்டு பேர்" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மலர்வளையத்து நாடாவில் நெனிதாவின் வருடத்தையே எழுதினார்கள். மூன்றாவது தாளை எனக்கே கொடுத்துவிட்டார்கள். நெனிதாவின் பெயருக்குக் கீழே ரெமி அக்காவின் பெயரை அதே அளவு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு அடுப்பில் இப்போது ஒன்றுதான் எரிகிறது. நான்கு மணிக்குச் சில நாட்களில் தொலைபேசி அடிக்கிறது. அது அப்பாவாக இருக்கும், அல்லது யாரோ இலக்கம் மாறி எடுத்திருப்பார்கள். யாராக இருந்தாலும் அவர்கள் பேசும்வரை நான் காத்திருப்பதில்லை. எடுத்தவுடன் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.