பெட்டியில் இடமில்லாமல் போன துணி

குப்பம்மா தன் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தாள். பிறர் உடுத்திய துணியை அவள் தொடமாட்டாள். தன் மகள் சுவேதாவின் உடம்பிலும் அது படக் கூடாது. மற்றதிலெல்லாம் காலம் சொன்னபடி வளைந்து கொடுத்தவள்தான். கட்டியவன் ஆவடிப் பக்கம் இன்னொருத்தியோடு போனபோது பின்னால் ஓடவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் தரம் பிரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் கத்தினால் வாயைத் திறப்பதில்லை. துணி விஷயத்தில் மட்டும் அவளை அசைக்க முடியாது.

பண்டிகைக்குப் பண்டிகை, பூந்தமல்லித் துணி வியாபாரி வஹீதுன்னிசா வீடு வீடாகக் கொண்டுவரும் புதுத்துணி மூட்டையில்தான் இருவருக்கும் எடுப்பாள். மலிவுத் துணிதான், இரண்டு துவைப்பில் வெளுத்துவிடும். ஆனாலும் மடிப்புக் கலையாத துணி. பக்கத்து வீட்டுக்காரி, "எங்கூட்டுப் பொண்ணுக்குச் சின்னதா பூடிச்சிக்கா, சுவேதாவுக்குப் போடு" என்று நல்ல மனதோடுதான் ஒரு சுடிதாரை நீட்டினாள். குப்பம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காட்டுப்பாக்கத்தில் அந்தத் தெரு முழுக்க அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

அது திமிர் இல்லை. குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஒரு சேரியில் பிறந்தவள் அவள். அவளுடைய அம்மா ஒரு பண்ணை வீட்டில் களையெடுத்தாள், சாணி அள்ளினாள். பொங்கல் கழிந்த மறுநாள் சேரிப் பெண்கள் அந்த வீட்டின் பின்வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். வீட்டம்மா ஆண்டு முழுவதும் உடுத்திச் சலித்த சேலைகளை, கை படாத உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போடுவாள். கீழே நிற்பவள் மடியை விரித்து ஏந்த வேண்டும். ஏந்திய பிறகு சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அடுத்த ஆண்டு நல்ல சேலை விழாது. சிறுமியாக அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற குப்பம்மாவுக்குச் சேலைகள் நினைவில் இல்லை. அந்தச் சிரிப்புதான் நினைவில் இருந்தது. அம்மா செத்தபோது உடம்பில் கட்டியிருந்ததும் அப்படி விழுந்த சேலைதான். யாரோ ஒருத்தியின் வியர்வை வாடையோடு அவளைக் குழியில் இறக்கினார்கள்.

இதை மகளிடம் குப்பம்மா சொன்னதில்லை. காலேஜில் படிக்கிற பெண். இந்த நாற்றம் எட்டாமலே அவள் வாழ்ந்துவிடட்டும் என்று விட்டுவிட்டாள்.

சபைக்கு வந்ததுகூட முதலில் விசுவாசத்தால் அல்ல. எவளோ கூப்பிட்டாளே என்று தகரக் கூரை போட்ட அந்த ஜெபக் கூடத்துக்குப் போனாள். வாசலில் நின்றவளை ஒரு பெண், "உக்காருக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். அது போதுமாக இருந்தது. விசுவாசம் மெதுவாகப் பின்னால் வந்தது. இப்போது பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி. ஞாயிறு காலையில் முன்னால் நின்று பாட்டைத் தொடங்குகிறவளும் அவள்தான். பாஸ்டர் எபநேசர் அவளுடைய சேரிக்காரர்; அவளைவிட இளையவர். ஞானஸ்நானத்துக்கு முன்பு அவர் உதயகுமார். பண்ணை வீட்டு வரிசையில் அவருடைய அம்மாவும் குப்பம்மாவின் அம்மாவும் அடுத்தடுத்து நின்றவர்கள்.

அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து ஒரு குழு இரண்டு வார ஊழியத்துக்கு வந்திருந்தது. தலைவி டெப்ரா என்ற பெரிய உடம்புக்காரி. பாஸ்டர் அவளைத் 'தெபொராள் சிஸ்டர்' என்று அழைக்கவே, சபையும் அப்படியே அழைத்தது. சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். பிள்ளைகளுக்குக் கையை ஆட்டி ஆட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். எதிரில் வந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார்கள். குப்பம்மா கம்பெனிக்குச் சில நாள் லீவு போட்டுவிட்டு அவர்களுக்குக் காரமில்லாத கோழிக்குழம்பு வைத்துப் போட்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு அன்பாக இருப்பது எந்த மனிதனுக்கும் முடிகிற காரியம்தான். ஊருக்குத் திரும்பும் தேதி தெரிந்தவனுக்கு யார்மேல்தான் அன்பு வராது?

வழியனுப்பும் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம். வேன் வெளியே நின்றது. பாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஜரிகை மின்னும் பொன்னாடை போர்த்தினார். தெபொராள் மைக்கைப் பிடித்து அழுதாள். அவள் சொன்னதைச் சபைப் பெண் ஜெயப்பிரியா தமிழில் சொன்னாள். "உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா எவ்ளோ சந்தோஷமா இருக்கீங்கன்னு சொல்றாங்க. இதத்தான் அவங்க இங்க கத்துக்கினாங்களாம்."

குப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்றுமே இல்லையென்று யார் சொன்னது?

அதன் பிறகு பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். முந்திய நாள் தி.நகர் போய்ச் சேலையும் பித்தளை யானையும் வாங்கிக் குவித்திருந்தார்கள். பெட்டியில் இடமில்லை. அதனால் கொண்டுவந்த துணிகளை இங்கேயே விட்டுவிட்டுப் போவதென்று முடிவு. அதற்கு 'அன்பின் காணிக்கை' என்று பெயரும் வைத்தாயிற்று. பெஞ்சின்மேல் குவியல் வளர்ந்தது. அக்குளில் மஞ்சள் படிந்த பனியன்கள், வண்ணம் சிந்திய கால்சட்டைகள், கசங்கிய பாவாடைகள், ஜோடி தவறிய காலுறைகள். வெயிலுக்குப் பூசும் களிம்பும் சென்ட்டும் இரண்டு வார வியர்வையும் கலந்து, ஊசிப்போன பால்கோவா மாதிரி ஒரு வாடை கூடத்தில் கிளம்பியது. குழுவில் ஒருவன் போனை நீட்டிப் படமெடுக்கத் தொடங்கினான்.

பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. பாதிப் பேர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். இன்னொருத்தி இல்லாத செருப்பைக் காலால் தேடினாள்.

பாஸ்டர் குப்பம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். "அக்கா, வந்து மொதல்ல ஒண்ணு வாங்கிக்கோ. வீடியோ எடுத்துகினு கீறாங்க. நீ வந்தாதான் மத்ததுங்க வரும்."

"இன்னாது பாஸ்டர் இது?"

"துணிக்கா. அமெரிக்கா துணி."

"தொவைச்சதா?"

பாஸ்டர் சிரித்தார். "நீ வேற. ஊருக்குக் கெளம்பற நேரத்துல யாரு தொவைச்சிகினு இருப்பாங்க?"

"சிரிக்காத பாஸ்டர். உங்க அம்மா எங்க அம்மாவுக்குப் பக்கத்துல நின்னாங்களே, அது மறந்து பூட்ச்சா?"

அவர் முகம் இறுகியது. "அது வேற, இது வேற. இவங்க அன்பா குடுக்கறாங்க."

"அந்த வீட்டம்மாவும் சிரிச்சிகினேதான் போட்டா."

"வந்தவங்க மனச நோகடிக்காதக்கா. சபைக்குப் புதுக் கூரை போட அவங்கதான் பணம் ஏற்பாடு பண்றாங்க. ஒரே நிமிசம். வாங்கிகினு போயி குப்பைல போடு, நான் கேக்க மாட்டேன்."

"வாங்கறத நீ பாப்பியே."

குப்பம்மா எழுந்தாள். முன்னால் போகப்போகிறாள் என்று பாஸ்டர் வழிவிட்டார். அவள் வாசல் பக்கம் திரும்பி வெளியே நடந்தாள்.

வீடு அடுத்த தெருவில். பின்புற வாளியில் நேற்று கம்பெனிக்குக் கட்டிப்போன சேலை துவைக்காமல் கிடந்தது. ரப்பர் தூள் ஏறி, முந்தானையில் சாம்பார்க் கறையும் உப்புப் பூத்த வியர்வையுமாக இருந்தது. உதறக்கூட இல்லை, சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். நடக்கும்போது தன்மேலேயே கொஞ்சம் அருவருப்பு வந்தது. ஆனால் நிற்கவில்லை. இன்றைக்கு ஒருத்தியாவது தெரிந்துகொள்ளட்டும், இது எப்படி இருக்கும் என்று.

கூடத்தில் அதற்குள் வரிசை உருவாகியிருந்தது. அவள் இல்லாமலே எவளோ ஒருத்தி முதலில் எழுந்திருக்கிறாள். வாங்குகிறவள் ஒவ்வொருத்தியும் போனைப் பார்த்துச் சிரித்தாள். அதே சிரிப்பு. ஆண்டுகள் போய், ஊர் மாறி, சாமியும் மாறிவிட்டது. உதடு மட்டும் அதே அளவுக்கு விரிந்தது. குப்பம்மா அங்கே ஒரு கணம் நின்று வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினாள்.

பிறகு நேரே தெபொராளிடம் போனாள். கையை உயர்த்தி, விரல் படாமல், சேலையை அவள் கைகளில் போட்டாள். "கட்டினது. தொவைக்கல. எடுத்துகினு போ" என்றாள்.

ஜெயப்பிரியா ஒருமுறை விழித்துவிட்டு, உள்ளதை உள்ளபடியே இங்கிலீஷில் சொன்னாள்.

பாஸ்டரின் முகம் வெளிறிப்போனது. வயதான பெண்கள் இரண்டு பேர் மூச்சை உள்ளே இழுத்தார்கள். தெபொராளோ சேலையைப் பிரித்தாள், கறையைப் பார்த்தாள், முகத்தை அதில் புதைத்து ஆழமாக மூச்சிழுத்தாள். நிமிர்ந்தபோது கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க உடம்புல இருந்ததையே குடுத்துட்டீங்களாம்" என்றாள் ஜெயப்பிரியா, தரையைப் பார்த்தபடி. "அவங்க வாழ்நாள்லயே யாரும் இப்படிக் குடுத்ததில்லையாம். ஊருக்குப் போனாலும் தொவைக்கவே மாட்டாங்களாம். உங்க வாசன அதுல இருக்கணுமாம்."

கைதட்டல் எழுந்தது. தெபொராள் பொன்னாடையின் மேலேயே அந்த அழுக்குச் சேலையைச் சுற்றிக்கொண்டு குப்பம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அந்தப் பெரிய, ஈரமான, சென்ட் மணக்கும் மார்புக்குள் குப்பம்மாவின் முகம் புதைந்தது. ஓங்கி அறைந்த கையைப் பிடித்து முத்தமிட்டால் அறைந்தவன் என்ன செய்வான்? அவமானம் என்பதும் ஒரு மொழிதான். அதைப் படிக்காமலே வாழ்ந்துவிட முடிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏழையின் தியாகத்தைப் பெற்றுக்கொண்ட புண்ணியமும் இப்போது தெபொராளுக்கே சேர்ந்துவிட்டது. பெட்டியில் அதற்கு மட்டும் இடம் இருந்தது.

வேன் கிளம்பியது. சன்னலில் அந்தச் சேலையின் முந்தானை கையோடு சேர்ந்து அசைந்தது. பிள்ளைகள் பூந்தமல்லி ரோடு வரை கத்திக்கொண்டே ஓடினார்கள்.

கேட்டருகில் பாஸ்டர் அவளை மறித்தார். "நீ இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியும்கா."

"அவளுக்குத்தான் தெரியல. உனக்காச்சும் தெரிஞ்சிதே, ஒதயா."

அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "நாளைக்குப் பாட்டு வேற யாராச்சும் நடத்தட்டும்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "கொஞ்ச நாளு நீ பின்னாடியே உக்காரு."

"பின்னாடி உக்கார நான் ஏன் இங்க வரணும்? என் ஊட்லயே உக்காந்துப்பேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். அங்கே சுவேதா நின்றுகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கிளாஸிலிருந்து நேராகச் சபைக்கு வந்திருக்கிறாள். உடம்பில் சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று, குளிருக்குப் போடும் ஜாக்கெட் ஒன்று. ஜிப்பைக் கழுத்து வரை இழுத்திருந்தாள்.

"மா, தொட்டுப் பாரு. உள்ள பஞ்சு மாரி கீது."

"யாரு குடுத்தா?"

"தெபொராள் ஆன்ட்டி. நீ ஊட்டுக்குப் போனல்ல, அப்போ. அவங்களே மாட்டி உட்டாங்க. நான்தான் மொதல்ல போனேன். யாருமே எழுந்துக்கல, அவங்களப் பாத்தா பாவமா இருந்துச்சி."

குப்பம்மா ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்தாள். "கழட்டு."

"ஏன்? எல்லாரும்தான் வாங்கினாங்க. நீகூட உன் பொடவய குடுத்தியே! நான் எவ்ளோ பெருமையா பாத்துகினு நின்னேன் தெரியுமா?"

"கழட்டுடி."

"காரணம் சொல்லு, கழட்டறேன்."

மகளின் கையைப் பிடித்து மெயின் ரோட்டுக்கு இழுத்துவந்தாள். பஸ்களும் தண்ணி லாரிகளும் காதைக் கிழித்தன. மூடிய கடை ஒன்றின் ஷட்டருக்கு முன் நிறுத்தி, அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். பின்வாசலை, வரிசையை, மடியை ஏந்தியதை, சிரிப்பை, குழியில் இறக்கிய உடம்பின்மேல் இருந்ததை. அழகாகச் சொல்ல வரவில்லை. கொட்டியது, அவ்வளவுதான்.

சுவேதா ஜிப்பின் நுனியைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

"பாஸ்டருக்கு இது தெரியுமா?"

"தெரியும். அவனும் அங்கத்தவன்தான்."

"அந்த அக்காங்களுக்கு?"

"பாதிப் பேருக்குத் தெரியும்."

"அப்போ நான் இத்த மாட்டிகினு வீடியோல சிரிச்சப்ப, தெரிஞ்சிகினேதான் எல்லாரும் கை தட்னாங்களா?"

குப்பம்மா வாயைத் திறந்தாள். இத்தனை வருடம் இவளிடம் மறைத்தது எதற்காக என்று அவளுக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. மறைத்திருக்காவிட்டால் பெண் அந்த வரிசையின் முதலில் போய் நின்றிருக்க மாட்டாள்.

"ஆமா" என்றாள்.

சுவேதா ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது, தலைவழியே உருவி எடுத்தாள். முடி கலைந்து, முகம் சிவந்து, ஜாக்கெட்டை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்த இப்ப இன்னாமா பண்றது?"

தெருவில் போட்டால் யாராவது எடுத்து உடுத்துவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. சபைக்குத் திரும்பிப் போகவும் இனி முடியாது. இருவரும் ஷட்டருக்கு முன் அப்படியே நின்றார்கள். காட்டுப்பாக்கம் நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.